ஹெட் வேலைக்குப் பிறகு வண்டி உதறினால்: எதை முதலில் பார்ப்பது, எதைக் கடைசியில் வாங்குவது

இன்ஜினைப் பிரித்து, அதன் மேல் பகுதியான ஹெட்டை லேத்துக்கு அனுப்பி, வால்வு லேப்பிங் (வால்வைத் தேய்த்து இடத்தில் பொருந்தவைப்பது) செய்து, புது கேஸ்கெட் போட்டு எல்லாம் பூட்டியாயிற்று. செல்ஃப் அடித்ததும் வண்டி எடுத்துக்கொள்கிறது. ஆனால் நின்ற இடத்தில் ஸ்டியரிங் ஆடும் அளவுக்கு உதறல், மீட்டரில் மஞ்சள் விளக்கு. புதிதாகத் தொழிலுக்கு வந்த பிள்ளைகள் இந்த இடத்தில்தான் ஸ்கேனரைச் சொருகி, அது எந்த சென்சாரின் பெயரைக் காட்டுகிறதோ அதை வாங்கக் கடைக்கு ஓடுகிறார்கள். காரைக்குடியில் கிடைக்காவிட்டால் மதுரைக்கு ஆள் போகிறது. இரண்டு நாள் போகும், நாலாயிரம் போகும், உதறல் மட்டும் போகாது.

வேலைக்கு முன்னால் இல்லாத கோளாறு வேலைக்குப் பின்னால் வந்தால், அது பெரும்பாலும் நம் கை பட்ட இடத்தில்தான் இருக்கும். சென்சார் செத்திருக்கலாம், ஆனால் சரியாக நீங்கள் ஹெட்டை இறக்கிய அன்று பார்த்துச் சாக அதற்கு என்ன அவசரம்? கீழே உள்ள வரிசை முழுக்க இந்தச் சந்தேகத்தை வைத்துப் போட்டதுதான். பெட்ரோல் இன்ஜெக்ஷன் வண்டிகளுக்கு எழுதுகிறேன், அதிலும் நாலு சிலிண்டரை மனதில் வைத்து. டீசலுக்கு வரிசை வேறு.

1. கையில் இருக்க வேண்டியவை

கோடு, அதாவது வண்டியின் கம்ப்யூட்டர் (இசியு) பதிந்துவைக்கும் கோளாறு எண், அதை மட்டும் படிக்கிற மலிவு ஸ்கேனர் போதாது. லைவ் டேட்டா (சென்சார்கள் அந்த நேரத்தில் சொல்வது), ஃப்ரீஸ் ஃப்ரேம் (கோடு விழுந்த நொடியின் பதிவு) இரண்டும் காட்டுவதாக இருக்க வேண்டும். போனில் ப்ளூடூத் வழியாகப் பேசும் சின்ன ஓபிடி கருவியிலேயே இதெல்லாம் வந்துவிடுகிறது. 2013 ஏப்ரலுக்கு முந்தைய வண்டி என்றால் எல்லாக் கருவியும் எல்லா வண்டியோடும் பேசாது, முதலில் அதைச் சரிபாருங்கள்.

அப்புறம் ஒரு மல்டிமீட்டர், கம்ப்ரஷன் கேஜ், டார்ச், டார்க் ரென்ச், தண்ணீர் அடிக்கும் ஸ்ப்ரே பாட்டில், அந்த மாடலின் சர்வீஸ் மேனுவல். மேனுவல் இல்லாமல் டைமிங் மார்க்கை ஞாபகத்தில் வைத்துப் பொருத்துகிறவர்களை எனக்குத் தெரியும். அவர்களின் வேலையைத்தான் பாதி நாள் நான் பிரித்துக்கொண்டிருக்கிறேன்.

கடைசியாக ஒரு தாள். அதில் இந்த வேலையில் எதையெல்லாம் கழற்றினீர்கள் என்று ஒன்று விடாமல் எழுதுங்கள். ஏர் ஃபில்டர் பெட்டி, த்ராட்டில் பாடி, இன்டேக் மேனிஃபோல்டு, பெட்ரோல் தெளிக்கும் இன்ஜெக்டர் ரெயில், ஸ்பார்க் தரும் காயில், எர்த் ஒயர், கேம் சென்சார், எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு, கூலன்ட் ஹோஸ். கழற்றியது ஒருவர், பூட்டியது இன்னொருவர் என்றால் இரண்டு பேரையும் உட்காரவைத்து எழுதுங்கள். உங்கள் முதல் சந்தேகப் பட்டியல் இந்தத் தாள்தான்.

2. கோடை அழிக்காமல் எழுதிக்கொள்ளுங்கள்

பையன்கள் செய்கிற முதல் தவறு, கோடைப் பார்த்ததும் அழித்துவிட்டு "மறுபடி வருதான்னு பாப்போம்ணே" என்பது. அழித்தால் ஃப்ரீஸ் ஃப்ரேமும் சேர்ந்து போய்விடும். கோடு விழுந்த நொடியில் ஆர்பிஎம் என்ன, கூலன்ட் சூடு என்ன, வண்டி நின்றதா ஓடியதா என்பதெல்லாம் அதில்தான் இருக்கிறது. குளிர்ந்த இன்ஜினில் விழுந்த மிஸ்ஃபயருக்கும் (சிலிண்டர் எரியாமல் விடுவது) சூட்டில் விழுந்ததற்கும் காரணம் வேறு. அந்தத் தடயத்தை நாமே அழித்துவிட்டு அப்புறம் தேடக் கூடாது.

எல்லாக் கோடுகளையும், பெண்டிங்கில் (இன்னும் விளக்கைப் போடாமல் காத்திருப்பவை) இருப்பவையையும் எழுதுங்கள். பிறகு இரண்டாகப் பிரியுங்கள். பி 0113, பி 0118, பி 0201 முதல் 0204, பி 0351 முதல் 0354 மாதிரியானவை மின்சுற்றுக் கோடுகள். வேலைக்கு நடுவில் கப்ளரை (ஒயர் முனையின் இணைப்பு) கழற்றி வைத்துவிட்டு யாராவது சாவியைப் போட்டிருந்தாலே இவை விழும். இவற்றைக் குறித்துக்கொண்டு, அந்தந்த கப்ளர் மாட்டியிருக்கிறதா என்று மட்டும் பார்க்க வேண்டும்.

பி 0300, பி 0301 முதல் 0304, பி 0171, பி 0172, பி 0507 போன்றவை நடத்தைக் கோடுகள். இன்ஜின் சரியாக எரியவில்லை, காற்று கூடுதல், பெட்ரோல் கூடுதல், ஐடில் வேகம் ஏறிப்போயிற்று என்று விளைவைச் சொல்கின்றன. காரணத்தைச் சொல்வதில்லை. பி 0171 என்றால் கலவையில் பெட்ரோல் குறைவு என்று ஆக்ஸிஜன் சென்சார் சொல்கிறது, அவ்வளவுதான். சொன்னவனையே தூக்கி எறிந்து புதிதாக ஒன்று வாங்கிப் போட்டால் அவனும் அதையேதான் சொல்வான்.

ஒரு கோடு மட்டும் தனி: பி 0016. கிராங்க்கும் (பிஸ்டனோடு சுற்றும் தண்டு) கேமும் (வால்வைத் திறக்கும் தண்டு) ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை என்று அர்த்தம். டைமிங் பிரித்த வண்டியில் இதைப் பார்த்தால் மறுபடி செல்ஃப் அடிக்காதீர்கள். நேரே 10ஆம் பகுதிக்குப் போங்கள். செயின் சில பல் தள்ளியிருந்தால், பல இன்ஜின்களில் பிஸ்டன் வால்வை முட்டி வளைத்துவிடும். செய்த வேலை முழுவதும் முதலிலிருந்து.

மஞ்சள் விளக்கு நிலையாக எரியாமல் மினுக்கினால் இன்ஜினை அணைத்துவிடுங்கள். எரியாத பெட்ரோல் சைலன்சருக்குள் போய், அங்கே புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் தாங்க முடியாத சூட்டில் உருகும். அதன் விலை உங்கள் கூலியை விடப் பல மடங்கு.

3. உதறுவது இன்ஜினா, மவுண்ட்டா

ஒரு நிமிட வேலை. ஐடிலில் விட்டு ஸ்கேனரில் ஆர்பிஎம்மைப் பாருங்கள். 700 முதல் 850க்குள் ஒரே இடத்தில் நிற்கிறது, ஆனால் பாடி மட்டும் நடுங்குகிறது என்றால் எரிதலில் கோளாறு இல்லை. இன்ஜினை இறக்கி ஏற்றும்போது, அதைத் தாங்கும் ரப்பர் மவுண்ட்டுகளின் போல்ட்டுகளை வரிசை மாற்றி முறுக்கியிருப்பீர்கள். ரப்பர் முறுக்கிக்கொண்டு நிற்கும். எல்லா மவுண்ட்டையும் லேசாகத் தளர்த்தி, இன்ஜினை ஆட்டித் தன் இடத்தில் உட்காரவிட்டு, மறுபடி இறுக்குங்கள். சைலன்சர் எங்காவது பாடியில் முட்டுகிறதா என்றும் ஒரு பார்வை.

மூன்று சிலிண்டர் வண்டிக்கு இயல்பிலேயே கொஞ்சம் நடுக்கம் உண்டு. சந்தேகமாக இருந்தால் டாக்சி ஸ்டாண்டில் அதே மாடல் ஒன்றை ஐடிலில் விடச் சொல்லிக் கையை வைத்துப் பாருங்கள். இல்லாத நோய்க்கு வைத்தியம் பார்த்த கதை என்னிடமே இருக்கிறது.

4. பேட்டரியும் எர்த்தும்

இதை முன்னால் வைக்கக் காரணம், எர்த் சரியில்லாவிட்டால் மேலே உள்ள எல்லா சென்சாரும் பொய் சொல்லும். நாலைந்து சம்பந்தமில்லாத கோடுகள் ஒரே நேரத்தில் விழுந்திருந்தால் முதலில் எர்த்தைத்தான் நினைக்க வேண்டும்.

அணைத்த வண்டியில் பேட்டரி 12.4 முதல் 12.6 வோல்ட் இருக்க வேண்டும். வேலை நடந்த ஒரு வாரம் டோர் திறந்தபடி கிடந்திருந்தால் இருக்காது, சார்ஜ் போட்டுவிட்டுத் தொடங்குங்கள். அடுத்து மீட்டரின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவில், மறு முனையை இன்ஜின் பிளாக்கின் சுத்தமான இரும்பில் வைத்து, ஆளை விட்டு செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் இன்ஜினிலிருந்து பாடிக்கு வரும் எர்த் ஒயர் தளர்வு, அல்லது துரு, அல்லது மாட்டவே மறந்துவிட்டீர்கள். கியர்பாக்ஸ் பக்கம் ஒரு ஒயர், ஹெட்டில் ஒன்று, இன்டேக் மேனிஃபோல்டு போல்ட்டோடு சேர்ந்து ஒன்று என்று வண்டிக்கு வண்டி இடம் மாறும். மேனிஃபோல்டு போல்ட்டோடு வருவதைத்தான் அதிகம் மறக்கிறார்கள். பெயின்ட் மேல் வைத்து முறுக்கியதும் மறந்ததற்குச் சமம்.

5. கை பட்ட இடங்களைக் கண்ணால் பாருங்கள்

முதலில் எழுதிய தாளை எடுத்து, வரிசையாக டிக் போட்டுக்கொண்டே போங்கள். ஒவ்வொரு கப்ளரையும் கையால் அழுத்துங்கள், 'டிக்' சத்தம் வர வேண்டும். பார்த்தால் மாட்டின மாதிரி இருக்கும், பூட்டு விழுந்திருக்காது.

அடுத்தது இடம் மாறிய கப்ளர். நாலு சிலிண்டரில் எரியும் வரிசை பெரும்பாலும் 1-3-4-2. பிளக்கின் மேலேயே தனித்தனிக் காயில் உட்காரும் வண்டியில் 2, 3 கப்ளர்களை மாற்றி மாட்டினால் இரண்டு சிலிண்டருக்கும் ஸ்பார்க் ஒரு சுற்று தள்ளி விழும். இன்ஜின் இரண்டு காலில் நொண்டும். ஆனால் ஒரே காயில் பேக்கிலிருந்து நாலு ஒயர் வரும் பழைய வகையில் 1, 4 ஒரு ஜோடி, 2, 3 ஒரு ஜோடி, ஜோடிக்குள் ஒரே நேரத்தில் ஸ்பார்க். அங்கே 2, 3 மாறினால் ஒன்றுமே தெரியாது. 1, 2 மாறினால் வெடிக்கும். போன வாரம் அந்த வண்டியில் மாற்றி மாட்டினோம் ஓடியதே என்று அடுத்த வண்டியில் வாதாடாதீர்கள்.

இன்ஜெக்டர் கப்ளர் மாறினால் விளைவு இன்னும் பூடகமானது. பெட்ரோல் தவறான நேரத்தில் தெளித்தாலும் வால்வு திறக்கும்போது உள்ளே போய்விடும் என்பதால் வண்டி ஓடும். ஐடிலில் மட்டும் லேசாக முரண்டு பிடிக்கும். கண்ணால் ஒயரின் நிறத்தைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

இந்த ஊர்ப் பக்கத்துக்கென்று ஒரு சோதனை உண்டு: எலி. கானாடுகாத்தான், பள்ளத்தூர், தேவகோட்டை என்று சுற்றுவட்டாரத்தில் பெரிய வீடுகள் வருடத்தில் பாதிக்கு மேல் பூட்டியே கிடக்கின்றன. வண்டி தார்ப்பாய்க்குள் நிற்கும். கல்யாணமோ கோயில் படைப்போ வந்தால்தான் சாவி வெளியே வரும். அப்படி நின்ற ஒரு வண்டிக்கு ஹெட் கேஸ்கெட் மாற்றிவிட்டு மூன்றாவது சிலிண்டர் மிஸ்ஸிங்கைத் தேடி ஒரு நாள் முழுக்க மல்லுக்கட்டினோம். வீட்டு ஆச்சி வந்து நின்று, "ஏந்தம்பி, பிரிக்கிறதுக்கு முன்னாடி புகைதானே வந்துச்சு, இந்த ஆட்டம் இல்லையே" என்று கேட்டது நியாயமான கேள்வி. மேனிஃபோல்டுக்குக் கீழே போகும் ஒயர் கட்டில் எலி ஏற்கெனவே பாதி கடித்து வைத்திருந்தது. நாங்கள் மேனிஃபோல்டை எடுக்க அதை நகர்த்தியபோது மீதியும் அறுந்திருக்கிறது. ஒயரைக் கட்டிவைத்திருக்கும் டேப்புக்கு அடியில் விரலை ஓட்டிப் பாருங்கள், மேலோட்டமாகத் தெரியாது.

அதே மாதிரி வண்டிகளில் டேங்கில் கிடக்கும் பெட்ரோலையும் நம்பாதீர்கள். ஆறு, எட்டு மாதம் கிடந்த பெட்ரோல் நாற்றமே வேறாக இருக்கும். இப்போதைய எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். வடித்துவிட்டுப் புதிது ஊற்றியபின் மற்றதைப் பேசுவோம்.

இன்னும் ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் போட்டு, பம்ப் ஓடும் சத்தம் நின்றதும், இன்ஜெக்டர் ரெயிலைச் சுற்றி விரலால் தடவுங்கள். ஈரம் இருந்தால் மேல் ஓ ரிங் வெட்டுப்பட்டிருக்கிறது. இது உதறல் பிரச்சினை இல்லை, தீப்பிடிக்கும் பிரச்சினை. ரிங்கில் துளி இன்ஜின் ஆயில் தடவாமல் காய்ந்தபடி அழுத்தினால் இப்படித்தான் வெட்டும்.

6. குளிர்ந்த வண்டியில் சாவியை மட்டும் போட்டு

இரவு முழுக்க நின்ற வண்டியில், காலையில் முதல் வேலையாக இதைச் செய்யுங்கள். கூலன்ட் சூடும், உள்ளே வரும் காற்றின் சூடும், வெளிச் சூடும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். ஐந்து டிகிரி முன்னே பின்னே இருக்கலாம். காரைக்குடியில் ஸ்கேனர் மைனஸ் 40 டிகிரி காட்டினால் கப்ளர் மாட்டவில்லை அல்லது ஒயர் அறுந்திருக்கிறது என்று பொருள். எதிர்ப்பக்கம், குளிர்ந்த இன்ஜினில் 120, 130 என்று காட்டினால் ஒயர் எங்கோ ஷார்ட்.

இது ஏன் முக்கியம் என்றால், இன்ஜின் உறைந்து கிடக்கிறது என்று இசியு நம்பினால் பெட்ரோலை வாரி இறைக்கும். பிளக் கறுத்து நனைந்து நாலு சிலிண்டரும் மிஸ் ஆகும். நீங்கள் பிளக்கை மாற்றிக்கொண்டே இருப்பீர்கள்.

இன்ஜின் ஓடாதபோது மேனிஃபோல்டு பிரஷர் சென்சார் வெளிக்காற்றின் அழுத்தத்தையே காட்ட வேண்டும். நம் ஊர் உயரத்துக்கு அது 100 கிலோ பாஸ்கலை ஒட்டி இருக்கும். 60, 70 என்று காட்டினால் சென்சாரோ ஒயரோ தவறு. இந்த ஓர் இடத்தில் சென்சாரைக் குற்றம் சொல்வதில் நியாயம் உண்டு.

7. காற்றுக் கசிவு

பெரிய வேலைக்குப் பிந்தைய உதறலில் நான் அதிகம் பார்த்தது இதுதான், ஆகவே இங்கே கொஞ்சம் நிதானமாகப் போவோம்.

சூடான இன்ஜின், ஏசி, லைட் எல்லாம் அணைத்து, ஐடிலில் லைவ் டேட்டா எடுங்கள். ஷார்ட் டேர்ம், லாங் டேர்ம் ஃபியூயல் ட்ரிம் (இசியு பெட்ரோலை எத்தனை சதவீதம் கூட்டிக் குறைக்கிறது என்பது) இரண்டையும் கூட்டிப் பாருங்கள். கூட்டல் 10 சதவீதத்துக்கு மேல் போனால் இசியு வழக்கத்தை விட அதிகப் பெட்ரோல் ஊற்றிக்கொண்டிருக்கிறது. அப்படியே ஆக்ஸிலேட்டரை மிதித்து 2500 ஆர்பிஎம்மில் அரை நிமிடம் நிறுத்துங்கள். ட்ரிம் இறங்கிச் சாதாரணமானால் கணக்கில் வராத காற்று உள்ளே வருகிறது. ஐடிலில் இன்ஜின் குடிக்கும் காற்றே கொஞ்சம்தான், அதில் சின்ன ஓட்டை பெரிய பங்கு. வேகத்தில் அது கடலில் கரைத்த பெருங்காயம். மாறாக 2500இலும் ட்ரிம் உயர்ந்தே நின்றால், அல்லது இன்னும் ஏறினால், பெட்ரோல் வரத்தைப் பாருங்கள்: பம்ப், ஃபில்டர், மடங்கிய ஹோஸ்.

இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது, பலரும் இதில்தான் வழி தவறுகிறார்கள். மேலே சொன்ன கணக்கு, காற்றின் அளவை நேரடியாக அளக்கும் ஏர் ஃப்ளோ சென்சார் உள்ள வண்டிக்குக் கச்சிதமாகப் பொருந்தும். நம் சின்ன பெட்ரோல் கார்கள் பலவற்றில் அது கிடையாது, மேனிஃபோல்டு பிரஷர் சென்சார்தான். கசிந்து வரும் காற்றையும் அது பார்த்துவிடும், இசியு அதற்கேற்பப் பெட்ரோலும் சேர்த்துவிடும். ஆகவே ட்ரிம் பெரிதாக ஏறாமல் ஐடில் வேகம் 1100, 1200 என்று ஏறி நிற்கும், பி 0507 விழும். கசிவு ஒரே சிலிண்டரின் குழாய் ஓரத்தில் இருந்தால் அந்த ஒன்றுக்கு மட்டும் பெட்ரோல் போதாமல் மிஸ் அடிக்கும். ட்ரிம் நன்றாக இருக்கிறதே, கசிவு இல்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

மேனிஃபோல்டு பிரஷர் சூடான ஐடிலில் சாதாரணமாக 28 முதல் 40 கிலோ பாஸ்கலுக்குள் இருக்கும். 50க்கு மேல் போனால் கசிவு, அல்லது டைமிங் தள்ளல், அல்லது கம்ப்ரஷன் இல்லை. மூன்றில் கசிவைத் தேடுவது மலிவு என்பதால் அதிலிருந்து தொடங்குகிறோம்.

தேடும் முறை: குறடால் ஹோஸை மெதுவாக நெருக்குங்கள், துணி சுற்றி. பிரேக் பூஸ்டர் ஹோஸ், பிசிவி ஹோஸ் (இன்ஜினுக்குள் சேரும் ஆவியை இழுப்பது), பர்ஜ் வால்வு ஹோஸ் (டேங்க் ஆவியை இழுப்பது), ஒவ்வொன்றாக. எதை நெருக்கும்போது உதறல் நிற்கிறதோ, கசிவு அதற்கு அப்பால். ஆயில் மூடி சரியாக முறுக்கவில்லை, ஆயில் அளவுக் கம்பி முழுதாக இறங்கவில்லை என்பதும் இதில் சேரும். சிரிக்காதீர்கள், நடக்கிறது.

ஹோஸ் சரி என்றால் மேனிஃபோல்டு கேஸ்கெட். ஸ்ப்ரே பாட்டிலால் தண்ணீரைச் சன்னமாக ஒவ்வொரு குழாய் ஓரத்திலும் அடியுங்கள். தண்ணீர் ஓட்டையை ஒரு நொடி அடைக்கும்போது ஆர்பிஎம் மாறும். காயில், கப்ளர் பக்கம் அடிக்காதீர்கள். கார்ப் கிளீனர் அடித்துப் பார்ப்பது பழைய பழக்கம். சிவந்த எக்ஸாஸ்ட் பக்கத்தில் அதை அடித்துப் புருவம் கருகியவர்கள் உண்டு. தண்ணீரே போதும். இந்த வேலையை ஷெட்டை மூடிக்கொண்டும் செய்யாதீர்கள், புகை ஆளைக் கொல்லும்.

கேஸ்கெட் கசிவுக்குக் காரணம் பெரும்பாலும் மூன்று: பழைய கேஸ்கெட்டின் துணுக்கு சுரண்டப்படாமல் ஒட்டியிருப்பது, பிளாஸ்டிக் மேனிஃபோல்டை ஓர் ஓரத்திலிருந்து முறுக்கி வளைத்துவிட்டது, கீழ்வரிசை போல்ட் ஒன்றை மறந்தது. நடுவிலிருந்து வெளியே, இரண்டு மூன்று சுற்றாக, டார்க் ரென்ச்சில் இறுக்க வேண்டும். கசியும் இடத்தில் மேலாகச் சிலிக்கான் பேஸ்ட்டைப் பூசி மூடுவது வேலையே இல்லை.

எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டையும் மறக்காதீர்கள். அங்கே கசிந்தால் புகை வெளியே போவதோடு, துடிப்புக்கு நடுவில் வெளிக்காற்று உள்ளேயும் இழுக்கப்படும். ஆக்ஸிஜன் சென்சார் அதைப் பார்த்துப் பெட்ரோல் போதவில்லை என்று பொய்க் கணக்கு கொடுக்கும். குளிர்ந்த இன்ஜினில் 'டிக் டிக்' என்று கேட்டு, சூடானதும் அடங்கும் சத்தம் இதன் அடையாளம். டேப்பட் சத்தம் என்று நினைத்து மறுபடி மேல் மூடியைக் கழற்றிவிடாதீர்கள்.

ட்ரிம் மைனஸ் பக்கம் போனால்? ஆயில் அளவுக் கம்பியை மோந்து பாருங்கள். வேலைக்குப் பிறகு எடுக்காமல் நிறைய நேரம் செல்ஃப் அடித்திருந்தால் பெட்ரோல் ஆயிலில் இறங்கியிருக்கும். சூடானதும் ஆவியாகி பிசிவி வழியாக மேலே வரும். ஆயில் மாற்றினால் தீர்ந்தது.

8. எந்த சிலிண்டர்

பி 0302 மாதிரி எண் சொல்லும் கோடு இருந்தால் பாதி வேலை முடிந்தது. பி 0300 மட்டும் என்றால் நாமே கண்டுபிடிக்க வேண்டும். ஐடிலில் ஒவ்வொரு இன்ஜெக்டர் கப்ளராகக் கழற்றி மாட்டுங்கள். எதைக் கழற்றினாலும் உதறல் கூட வேண்டும். எதைக் கழற்றும்போது வித்தியாசமே இல்லையோ அதுதான் வேலை செய்யாத சிலிண்டர். காயில் கப்ளரைக் கழற்றிப் பார்ப்பதை விட இது மேல். காயிலைக் கழற்றினால் பெட்ரோல் தொடர்ந்து தெளித்து கன்வர்ட்டருக்குப் போகும். ஒயரைக் கையால் இழுத்து ஸ்பார்க் பார்ப்பது வேண்டவே வேண்டாம், பல்லாயிரம் வோல்ட்.

இப்போது இடமாற்றம். 2ஆம் சிலிண்டர் காயிலை 3க்கும் 3ஐ 2க்கும் மாற்றுங்கள். கோடை எழுதிவைத்தாயிற்று, ஆகவே இப்போது அழிக்கலாம். மறுபடி ஓட்டும்போது பி 0303 விழுந்தால் காயில்தான். 0302இலேயே நின்றால் அடுத்து பிளக்கை மாற்றுங்கள், அதற்கும் நகராவிட்டால் இன்ஜெக்டர். ஒரு நேரத்தில் ஒன்றே ஒன்று. மூன்றையும் சேர்த்து மாற்றிய பையன் "சரியாயிடுச்சுண்ணே" என்று வந்து நின்றான். எது சரியாயிற்று என்று அவனுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

புது பிளக் என்பதால் நல்ல பிளக் என்று நினைக்காதீர்கள். கீழே விழுந்த பிளக், கோணலாக சாக்கெட் வைத்து முறுக்கிய பிளக் இரண்டிலும் வெள்ளைப் பீங்கானில் மயிரிழை விரிசல் விழும். பக்கவாட்டில் கறுப்புக் கோடு ஓடியிருந்தால் ஸ்பார்க் அந்த வழியாக வெளியே ஓடுகிறது.

9. கம்ப்ரஷன்

எதை மாற்றினாலும் கோடு அதே சிலிண்டரில் நிற்கிறதா? இனி இரும்பு வேலை. நாலு பிளக்கும் வெளியே, இன்ஜெக்டர் கப்ளர்களும் காயில்களும் கழன்று இருக்க, ஆக்ஸிலேட்டர் முழுதாக மிதித்தபடி, ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஐந்தாறு சுற்று செல்ஃப். ஆக்ஸிலேட்டரை மிதிக்காவிட்டால் காற்று போகாது, எல்லா எண்ணும் குறையும், ரிங் போச்சு என்று தவறாக முடிவு கட்டுவீர்கள். மின்சாரத்தில் இயங்கும் த்ராட்டில் என்றால் மிதித்தபோது உண்மையில் திறக்கிறதா என்று எட்டிப் பாருங்கள்.

நல்ல பெட்ரோல் இன்ஜினில் 150 முதல் 200 பிஎஸ்ஐ வரை வரும். சரியான எண் மேனுவலில். எண்ணை விட முக்கியம் சிலிண்டர்களுக்கு இடையே உள்ள வித்தியாசம். 10, 15 சதவீதத்துக்கு மேல் போனால் கோளாறு. குறைவான சிலிண்டரில் ஒரு டீஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். எண் ஏறினால் ரிங் பக்கம், ஏறாவிட்டால் வால்வு அல்லது கேஸ்கெட். பக்கத்துப் பக்கத்து இரண்டு சிலிண்டர் சேர்ந்து குறைந்தால் நடுவில் ஹெட் கேஸ்கெட்.

லேத்திலிருந்து வந்த ஹெட்டில் பலரும் தவறவிடுவது டேப்பட் கேப். வால்வு சீட்டை வெட்டினாலோ நன்றாக லேப்பிங் செய்தாலோ வால்வு ஹெட்டுக்குள் கொஞ்சம் ஏறிவிடும், அதன் தண்டு மேலே நீளும், கேம்முக்கும் அதற்கும் உள்ள இடைவெளி குறையும். பழைய ஷிம்மையே (இடைவெளியைச் சரிசெய்யும் தகடு) போட்டால் குளிரில் நன்றாக இருக்கும் வண்டி சூடானதும் உதறும், ஏனென்றால் அப்போது வால்வு முழுதாக மூடுவதில்லை. அப்படியே ஓட்டினால் வால்வு கருகும். ஹெட் வந்ததும், ஏற்றுவதற்கு முன்பே, குளிர்ந்த நிலையில் ஒவ்வொரு கேப்பையும் அளந்து எழுதுங்கள். ஹைட்ராலிக் டேப்பட் உள்ள இன்ஜினுக்கு இந்தத் தொல்லை இல்லை.

10. டைமிங்

நாலு சிலிண்டரும் ஒரே மாதிரி குறைந்த கம்ப்ரஷன், மேனிஃபோல்டு பிரஷர் 50க்கு மேல், இழுவை இல்லை, கூடவே பி 0016: செயின் அல்லது பெல்ட் பல் தள்ளியிருக்கிறது. பி 0340 தனியாக வந்தால் கேம் சென்சார் கப்ளரையும் சென்சார் முழுதாக உட்கார்ந்திருக்கிறதா என்பதையும் முதலில் பாருங்கள், மூடியைக் கழற்ற அவசரம் வேண்டாம்.

மார்க் சரிபார்க்கும்போது கிராங்க்கைக் கையால், இன்ஜின் ஓடும் திசையிலேயே, இரண்டு முழுச் சுற்று சுற்றிவிட்டுப் பாருங்கள். பொருத்திய உடனே பார்த்தால் செயினின் தளர்ச்சி மறைந்திருக்கும்; சுற்றியபின், செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் அதை எடுத்துக்கொண்டு உண்மை தெரியும். சுற்றும்போது எங்காவது கடினமாகத் தட்டினால் பலத்தைப் போடாமல் நிறுத்துங்கள், வால்வு பிஸ்டனைத் தொடுகிறது.

செயினில் நிறம் பூசிய கண்ணிகள் இருக்கும். அவை முதல் தடவை பொருத்தும்போது மட்டும்தான் மார்க்கோடு சேரும். இரண்டு சுற்று சுற்றினால் கண்ணிகள் வேறெங்கோ போயிருக்கும், பல்சக்கர மார்க்குகள் மட்டும் சரியாக நிற்கும். அதுதான் சரி. இதைப் பார்த்துப் பதறி, நன்றாக இருந்த டைமிங்கை மறுபடி கழற்றிய ஆள் என் பட்டறையிலேயே உண்டு.

டென்ஷனரில் பூட்டு ஊசியை இழுத்தீர்களா? கேட்டுவிடுவது நல்லது.

மாறும் வால்வு டைமிங் உள்ள வண்டியில் பி 0011 விழுந்தால், ஆயில் அளவையும் அதன் கட்டுப்பாட்டு வால்வின் சின்ன வலையையும் பாருங்கள். ஆயில் சம்ப்புக்கு அள்ளி அப்பிய பேஸ்ட், உள்பக்கம் பிதுங்கி, உடைந்து, அந்த வலையில் வந்து அடைக்கும்.

11. அழித்து, கற்றுக்கொடுத்து, ஓட்டிப் பார்த்தல்

கோளாறைக் கண்டுபிடித்துச் சரிசெய்தபின் எல்லாக் கோடையும் அழியுங்கள். பேட்டரி கழன்றிருந்ததாலும் த்ராட்டில் பாடியைச் சுத்தம் செய்ததாலும் இசியு பழைய ஐடில் கணக்கை மறந்திருக்கும், அல்லது பழைய அழுக்குக்குப் பழகிய கணக்கை வைத்திருக்கும். ஸ்கேனரில் ஐடில் ரீலேர்ன் இருந்தால் அதைச் செய்யுங்கள். இல்லாவிட்டால் மேனுவலில் சொன்ன முறை. கம்பெனிக்குக் கம்பெனி மாறும். சாவி போட்டிருக்கும்போது த்ராட்டில் தகட்டை விரலால் தள்ளாதீர்கள், உள்ளே பிளாஸ்டிக் பல்சக்கரம்.

ஹெட் வேலை செய்த வண்டியில் கூலன்டில் காற்று நின்றிருந்தால் சூடு மீட்டர் திடீர் திடீரென்று குதிக்கும், ஐடிலும் அதோடு ஆடும். காற்றை வெளியேற்றி, ரேடியேட்டர் ஃபேன் இரண்டு முறை ஓடி நிற்கும் வரை ஐடிலில் விடுங்கள். போர்த் தண்ணீரை ஊற்றாமல் கூலன்ட் ஊற்றுங்கள்.

பிறகு டிரையல். காரைக்குடியிலிருந்து குன்றக்குடி வழியாகப் பிள்ளையார்பட்டி போய்த் திரும்பினால் ஏறக்குறைய 25 கிலோமீட்டர். ஊருக்குள் நின்று நின்று போவது, வெளியே சீரான வேகம், இரண்டும் அதில் கிடைத்துவிடும். போகும்போது ஏசி இல்லாமல், வரும்போது ஏசியோடு. திரும்பி வந்து வண்டியை அணைப்பதற்கு முன் பெண்டிங் கோடுகளைப் படியுங்கள். விளக்கு எரியவில்லை என்பது போதாது. பல கோடுகள் இரண்டாவது ஓட்டத்தில்தான் விளக்கைப் போடும்.

ரிங் மாற்றிய வண்டி முதல் சில நூறு கிலோமீட்டர் லேசாக ஆயில் குடிக்கும். அந்த நேரத்தில் பி 0420 (கன்வர்ட்டர் சரியாக வேலை செய்யவில்லை என்னும் கோடு) வந்தால் கன்வர்ட்டர் விலையை விசாரிக்காதீர்கள். அழித்துவிட்டு, 500 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு, ஆயில் மாற்ற வரும்போது மறுபடி படித்துக்கொள்ளலாம். அதுவரை முதலில் எழுதிய தாளை ஜாப் கார்டோடு பின் பண்ணி வையுங்கள். வண்டி திரும்பி வந்தால் முதலில் தேடப்போவது அதைத்தான்.